டொக்கர் பில்ட் ஃபைல்களை எல்லா டெஸ்டுக்கும் பொதுவாக வைத்திருப்பது எப்படி? (மொபைல் கோர் நெட்வேர்க் சோதனை)

உவர்மலைப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருமலையில் (திருகோணமலை) இருந்துகொண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு மொபைல் கோர் நெட்வேர்க் மென்பொருளைச் சோதித்துக் கொடுக்கும் சின்னக் குழு. எல்லாம் ஒஸ்மோகொம் என்ற திறந்த மூலத் திட்டத்தின் மென்பொருள்கள்தான். எச்எல்ஆர் (சந்தாதாரர் விபரம்), எம்எஸ்சி (அழைப்புகள்), எஸ்டிபி (சமிக்ஞைச் செய்திகளை வழிப்படுத்துவது), எஸ்ஜிஎஸ்என், ஜிஜிஎஸ்என் (இணையத் தரவு) என்று ஒவ்வொன்றையும் ஒரு டொக்கர் கொன்டெய்னரில் (மென்பொருளைத் தனியாக அடைத்து ஓடவிடுகிற பெட்டி) ஏற்றி, எதிர்ப்பக்கத்தில் டிடிசிஎன்-3 (சோதனை எழுதுவதற்கான மொழி) டெஸ்டர் ஒன்றை இன்னொரு கொன்டெய்னரில் ஓடவிட்டு, முடிவை எடுத்து அனுப்புகிறோம். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் டொக்கர்ஃபைல் (கொன்டெய்னருக்கான இமேஜை எப்படிக் கட்டுவது என்ற குறிப்பு), மேக்ஃபைல் (மேக் என்ற பில்ட் கருவிக்கானது), மென்பொருளின் கொன்ஃபிக், டெஸ்டரின் கொன்ஃபிக், எல்லாவற்றையும் தொடக்கி நிறுத்துகிற ஷெல் ஸ்கிரிப்ட். முதல் ஃபோல்டரைச் செய்தவர் இப்போது எங்களோடு இல்லை. அவருக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பக்கத்து ஃபோல்டரைக் கொப்பி பண்ணிப் பெயரை மாற்றித்தான் புதிய டெஸ்ட் உருவாக்கியிருக்கிறார்கள்.

இப்போது டெபியன் லினக்ஸின் புல்ஸ்ஐ பதிப்பில் இருந்து புக்வேர்ம் பதிப்புக்கு மாறச் சொல்கிறார்கள். ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து ஃப்ரொம் வரியை (எந்த இமேஜின் மேல் கட்டுவது என்று சொல்கிற வரி) மாற்றிக்கொண்டு போனால், சிலதில் பெக்கேஜ் நிறுவுகிற வரி வேறு மாதிரி இருக்கிறது, சிலதில் யாரோ ஒரு மாறியை நடுவில் செருகியிருக்கிறார்கள், எது தெரிந்து செய்தது எது தானாக வந்தது என்று பிரிக்கவே முடியவில்லை. சரி, பொதுவானதை ஒரே இடத்தில் வைப்போம் என்று மேலே ஒரு ஃபோல்டர் போட்டு, அங்கிருந்து கொப்பி கட்டளையால் எடுக்கப் பார்த்தால் பில்ட் கொன்டெக்ஸ்டுக்கு வெளியே போக முடியாது என்று டொக்கர் மறுக்கிறது. சிம்லிங்க் போட்டாலும் அதே கதை.

இதோடு இன்னும் மூன்று தொல்லை. ஒன்று, மூலக் கோட் மாறியிருந்தாலும் டொக்கர் பழைய கேஷை (முன்பு கட்டிச் சேமித்து வைத்ததை) எடுத்துப் பழைய பதிப்பையே சோதிக்கிறது. கேஷ் இல்லாமல் பில்ட் பண்ணினால் எங்கள் இணைய வேகத்துக்கு அரை நாள் போய்விடுகிறது. இரண்டு, டொக்கர் ஹப்பில் (ஆயத்த இமேஜ்களின் பொதுக் களஞ்சியம்) இருந்து இழுக்கும்போது மத்தியானத்துக்குள் அளவு முடிந்துவிட்டது என்று செய்தி வருகிறது. மூன்று, புதிதாக வாங்கிய சேர்வரில் எஸ்டிபி மட்டும் எழும்புவதே இல்லை, புரோட்டோகோல் ஆதரவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதே இமேஜ் பழைய மெஷினில் ஓடுகிறது.

இப்படியான வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ஆலங்கேணியான் எழுதியது:

தம்பி, கொன்டெக்ஸ்ட் விஷயத்தை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் விளங்கும். டொக்கர் பில்ட் என்று அடித்தவுடன் உங்கள் ஃபோல்டரை நேரே போய் வாசிக்கிறது என்று நினைக்க வேண்டாம். அந்த ஃபோல்டருக்குள் இருப்பதைப் பொதியாக்கிப் பின்னால் ஓடுகிற டீமனுக்கு அனுப்புகிறது. டீமன் இன்னொரு மெஷினில்கூட இருக்கலாம். ஆகவே மேலே இருக்கிற ஃபோல்டர் அதற்குத் தெரியவே தெரியாது, சிம்லிங்க் போய்ச் சேர்ந்தாலும் அது காட்டுகிற இடம் அங்கே இல்லை.

ஆனால் மேக்குக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதுதான் வழி. ரெப்போவின் உச்சியில் மேக் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரேயொரு பெரிய மேக்ஃபைல். ஒவ்வொரு டெஸ்ட் ஃபோல்டரிலும் இருக்கிற மேக்ஃபைலில் ஒரு வரிதான்: மேலே இருப்பதை இன்க்ளூட் செய். அந்த இமேஜுக்கு மட்டும் ஏதாவது விசேஷ மாறி வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு வரி. இமேஜின் பெயரைக் கையால் எழுத வேண்டாம், இப்போதைய ஃபோல்டரின் பெயரையே மேக் எடுத்துக்கொள்ளும்படி பொது ஃபைலில் ஒரு தடவை எழுதிவிட்டால் ஃபோல்டரைக் கொப்பி பண்ணினவர் பெயர் மாற்ற மறக்கிற கதையே இராது. ஒஸ்மோகொம்காரர்களின் டொக்கர் பிளேகிரவுண்ட் ரெப்போவும் கிட்டத்தட்ட இந்த அமைப்புத்தான், ஒருக்கால் திறந்து வாசியுங்கள், நல்ல பாடம். பின்னர் அவர்கள் டிடிசிஎன்-3 ரெப்போவுக்குள்ளேயே டெஸ்ட்என்வ் என்று பைத்தனில் ஒன்றை எழுதிக்கொண்டார்கள், அதைப் பிறகு பார்க்கலாம்.

கொப்பி பண்ணவேண்டிய பொது ஃபைல்கள் (பெக்கேஜ் களஞ்சியத்தின் கையொப்பச் சாவி, சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்கள்) இருந்தால், பில்டுக்கு முன்னால் மேக் அவற்றைப் புள்ளியில் தொடங்கும் ஒரு ஃபோல்டராக டெஸ்ட் ஃபோல்டருக்குள் கொண்டுவந்து போடட்டும், அந்தப் பெயரை கிட்இக்னோரில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கொண்டுவந்தால் கேஷ் உடையாதா என்று கேட்பீர்கள். உடையாது. டொக்கர் பார்ப்பது உள்ளடக்கத்தை, ஃபைலின் திகதியை அல்ல. 2022இல் வந்த டொக்கர்ஃபைல் 1.4 இலக்கணத்தில் பெயரிட்ட கூடுதல் கொன்டெக்ஸ்ட் கொடுக்கவும் வசதி இருக்கிறது. ஆனால் எல்லா மெஷினிலும் புதிய பில்ட்கிட் (டொக்கரின் பில்ட் பகுதி) இருக்கிறதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

அடுத்தது அடிப்படை இமேஜ். டெபியன் புக்வேர்மின் மேல் கம்பைலர், ஓட்டோகொன்ஃப், டேலொக், எஸ்சிடிபி (சமிக்ஞைச் செய்திகளைக் கொண்டுபோகும் நெறிமுறை) நூலகங்கள் எல்லாம் போட்டு ஒரு இமேஜ். அதன் மேல் டைட்டன் கம்பைலர் போட்டு இன்னொன்று. (தெரியாதவர்களுக்கு: டைட்டன் எரிக்சன் உருவாக்கிய டிடிசிஎன்-3 கம்பைலர், இப்போது எக்லிப்ஸின் கீழ் திறந்த மூலம்.) மற்ற எல்லா டொக்கர்ஃபைலும் இந்த இரண்டில் ஒன்றில் இருந்துதான் தொடங்க வேண்டும். டெபியன் மாறும்போது நீங்கள் கை வைப்பது அங்கே மட்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. டெபியனின் பெயரை ஆர்க் மாறியாக்கி ஃப்ரொம் வரிக்கு மேலே எழுதுவீர்கள்தானே, அந்த மாறி ஃப்ரொம் வரிக்குள் மட்டும்தான் உயிரோடு இருக்கும். கீழே பெக்கேஜ் களஞ்சியத்தின் முகவரியில் அதே மாறியைப் பாவித்தால் வெறுமையாக வரும், டொக்கர் வாயே திறக்காது, களஞ்சியம் கிடைக்கவில்லை என்று ஆப்ட் (டெபியனில் பெக்கேஜ் நிறுவுகிற கட்டளை) மட்டும் கத்தும். ஃப்ரொம்முக்குக் கீழே அதே பெயரை மறுபடி ஒரு ஆர்க் வரியில் அறிவித்தால் சரி.

கேஷ் தொல்லைக்குத்தான் எனக்குப் பிடித்த தந்திரம் இருக்கிறது. டொக்கர்ஃபைலில் மூலக் கோடை முழுதாகக் குளோன் செய்கிற ரன் வரி மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே, அந்த பிராஞ்சின் கடைசிக் கொமிட் எண்ணைச் சொல்கிற சின்ன ஃபைலை கிட் சேர்வரில் இருந்து எடுத்து டெம்ப் ஃபோல்டரில் போடுகிற ஒரு அட் வரி. அதற்கும் கீழேதான் ஃபெட்ச், செக்அவுட், கம்பைல். அட் கட்டளை ஒவ்வொரு பில்டிலும் அந்த முகவரியைப் போய்ப் பார்க்கும். கொமிட் எண் மாறவில்லை என்றால் கேஷ் அப்படியே நிற்கும், ஒரு விநாடியில் பில்ட் முடிந்துவிடும். மாறியிருந்தால் அந்த வரியில் இருந்து கீழே மட்டும் திரும்ப நடக்கும், மேலே இருக்கிற முழுக் குளோன் அப்படியே இருப்பதால் ஃபெட்ச் இழுப்பது புதிய கொமிட்களை மட்டும்தான். உங்கள் இணைப்புக்கு இது பெரிய ஆறுதல். ஆயத்த பெக்கேஜ்களைச் சோதிப்பதென்றாலும் இதே வேலைதான், கொமிட்டுக்குப் பதிலாகக் களஞ்சியத்தின் ரிலீஸ் ஃபைலை அட் செய்யுங்கள். புதிய பெக்கேஜ் ஏறினால் அந்த ஃபைல் மாறியே ஆக வேண்டும்.

அப்புறம் ஒன்று, ஆப்ட் அப்டேட்டும் இன்ஸ்டோலும் ஒரே ரன் வரியில் இருக்கட்டும். பிரித்து எழுதினால் அப்டேட் மட்டும் கேஷில் பழசாகிக் கிடக்கும், இன்ஸ்டோல் 404 என்று விழும்.

கொன்ஃபிக் ஃபைல்களையும் இப்படியே ஒரு டெம்ப்ளேட்டாக்கிப் பொதுவில் வைத்துவிடலாம், முகவரிகளை மாறியாக்கினால் போதும்.

மூதூர்க் கடற்காற்று எழுதியது:

தொழில்நுட்பம் தெரியாதவனின் கேள்வி. இப்படி மொபைல் நெட்வேர்க் ஓட்டுவதற்கு ரீஆர்சியிடம் (தொலைத்தொடர்பு ஆணைக்குழு) அனுமதி எடுக்க வேண்டாமா? நாளைக்கு யாரும் வந்து கதவைத் தட்டப் போகிறார்கள்.

சீனக்குடா சேர்வர்காரன் எழுதியது:

இதில் ரேடியோவே இல்லை தம்பி. அன்டெனா, அலைவரிசை எதுவும் கிடையாது. போனும் பேஸ் ஸ்டேஷனும் செய்கிற வேலையை டெஸ்டர் ஐபி வழியாக நடிக்கிறது, எல்லாப் பேச்சும் ஒரே மெஷினுக்குள். அலை விட்டால்தான் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

அதுக்காக கொன்ஃபிக்கில் 413 என்று எழுதி விளையாட வேண்டாம். 413 இலங்கையின் உண்மையான நாட்டுக் குறியீடு. சோதனைக்கென்றே 001, 01 இருக்கிறது. நாளைக்கு யாராவது அதே கொன்ஃபிக்கை ரேடியோ இருக்கிற லாபுக்குக் கொண்டுபோனால் பக்கத்து வீட்டாரின் போன் அதில் ஏற முயற்சிக்கும்.

உவர்மலையின் மற்றக் கேள்விகளுக்கு இரவு எழுதுகிறேன், இப்போது வேலைத்தளத்தில் நிற்கிறேன்.

நிலாவெளி டெஸ்டர் எழுதியது:

ஆலங்கேணி அண்ணா சொன்னதில் கடைசி வரியைத் தவிர மிச்சம் எல்லாவற்றுக்கும் ஓம். கொன்ஃபிக்கைப் பொதுவாக்க வேண்டாம். உண்மையாகவே வேண்டாம்.

பில்ட் ஃபைல் என்பது எப்படிக் கட்டுவது என்பதைப் பற்றியது, அது எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும், வித்தியாசம் இருந்தால் அது பிழை. கொன்ஃபிக் என்பது எதைச் சோதிக்கிறோம் என்பது. அதில் வித்தியாசம் இருப்பதுதான் டெஸ்டே. நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் எம்எஸ்சிக்கு ஒரே பொதுக் கொன்ஃபிக் வைத்திருந்தார்கள். ஒருவர் குறியாக்கச் சோதனைக்காக ஏ5/3 (அழைப்பைக் குறியாக்கும் முறைகளில் ஒன்று) மட்டும்தான் அனுமதி என்று அதில் மாற்றினார், அவருடைய டெஸ்ட் பாஸ். அந்த எம்எஸ்சியைப் பாவித்த வேறு டெஸ்டுகளில் நடிக்கிற போன் ஏ5/1 மட்டும் தெரியும் என்று சொல்கிறது, எம்எஸ்சி அழைப்பை மறுக்கிறது, விடியற்காலை ரிப்போர்ட் முழுக்கச் சிவப்பு. மென்பொருளில் பிழை என்று நினைத்து வேறொரு குழு அதற்குள் தேடிக்கொண்டிருந்தது. யாரும் தங்கள் ஃபோல்டரைத் தொடவில்லை என்பதால் யாருக்கும் கொன்ஃபிக்கில் சந்தேகம் வரவில்லை.

இன்னொன்று, ஒரு டெஸ்டில் இரண்டு கொன்ஃபிக் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். எஸ்டிபியின் கொன்ஃபிக்கில் எம்3யூஏ (சமிக்ஞைச் செய்திகளை ஐபியில் அனுப்பும் நெறிமுறை) இணைப்பு என்று ஒன்று எழுதியிருக்கும்: எந்த ஐபியில் இருந்து, 2905ஆம் போர்ட்டில், எந்தப் பொயின்ட் கோட் (சமிக்ஞை வலையமைப்பில் ஒரு முனையின் முகவரி). டெஸ்டரின் கொன்ஃபிக்கில் அதே ஐபியும் அதே பொயின்ட் கோடும் எதிர்ப்பக்கத்தில் இருந்து எழுதியிருக்கும். அதுவும் ஒரு பக்கம் 0.23.1 என்று எழுதுவார்கள், மற்றப் பக்கம் 185 என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான், பதினான்கு பிட்டை மூன்று, எட்டு, மூன்றாகப் பிரித்தால் 23ஐ எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 185. இரண்டு ஃபைலும் ஒரே ஃபோல்டரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் ஒரே கொமிட்டில் இரண்டும் மாறியிருக்கிறதா என்று ரிவியூ செய்பவர் கண்ணாலே பார்த்துவிடுவார். ஒன்று இங்கேயும் மற்றது டெம்ப்ளேட்டிலும் இருந்தால் பார்க்க மாட்டார், நானும் பார்க்க மாட்டேன்.

ஆகவே ஒரே மாதிரி வரிகள் பத்து ஃபோல்டரில் திரும்பத் திரும்ப வந்தாலும் பரவாயில்லை, கிடக்கட்டும். எந்த டெஸ்டை எடுத்தாலும் அதன் ஃபோல்டரைத் திறந்தால் முழுக் கதையும் அங்கேயே இருக்க வேண்டும்.

உவர்மலைத் தம்பி, எதிர்பார்த்த முடிவுகளின் ஃபைலும் வைத்திருக்கிறீர்களா? ஏற்கெனவே தெரிந்த தோல்விகளை ஜேயூனிட் எக்ஸ்எம்எல்லாக (டெஸ்ட் முடிவுகளை எழுதும் ஒரு வடிவம்) ஒவ்வொரு டெஸ்டோடும் வைத்து, ஓட்டம் முடிந்ததும் ஒப்பிட்டுப் புதிதாக விழுந்ததை மட்டும் காட்டச் செய்யலாம். புக்வேர்முக்கு மாறுவதற்கு முன்னால் புல்ஸ்ஐயில் ஒருமுறை முழுதாக ஓட்டி அந்த ஃபைலை எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் எது மாறியதால் விழுந்தது, எது முன்பே விழுந்துகொண்டிருந்தது என்று பிறகு சண்டைதான்.

ஆலங்கேணியான் எழுதியது:

அந்த ஏ5/3 கதை நியாயம்தான் தங்கச்சி. ஆனாலும் ஐபி முகவரிகளை ஒவ்வொரு ஃபைலிலும் நேரே எழுதி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே சேர்வரில் இரண்டு பேர் ஒரே டெஸ்டை ஓட்டினால் இரண்டு நெட்வேர்க்கும் ஒரே சப்நெட்டை (ஐபி முகவரித் தொகுதி) கேட்டு மோதும். அதற்கு டெம்ப்ளேட் இல்லாமல் என்ன செய்வது?

சீனக்குடா சேர்வர்காரன் எழுதியது:

சரி, வந்துவிட்டேன். முதலில் அந்த எஸ்டிபி.

கொன்டெய்னருக்குள் தனிக் கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கிடையாது, ஹோஸ்ட்டின் கேர்னல்தான். எம்3யூஏ ஓடுவது எஸ்சிடிபியின் மேல், அது ரீசிபி, யூடிபி மாதிரி எல்லா இடத்திலும் ஆயத்தமாக இருக்கிற ஒன்றல்ல, பெரும்பாலும் கேர்னலில் தனியாக ஏற்ற வேண்டிய மொடியூல். புதிய சேர்வரில் உபுண்டு போட்டிருந்தால் அந்த மொடியூல் எக்ஸ்ட்ரா என்ற தனிப் பெக்கேஜில் இருக்கக்கூடும், அதை ஹோஸ்ட்டில் நிறுவி, மொட்புரோப்பால் எஸ்சிடிபியை ஏற்றுங்கள், மீளத் தொடங்கினாலும் ஏறும்படி மொடியூல்ஸ்-லோட் ஃபோல்டரில் பெயரை எழுதிவிடுங்கள். இமேஜுக்குள் எத்தனை பெக்கேஜ் போட்டாலும் இது தீராது. யாராவது விண்டோஸ் லாப்டொப்பில் டொக்கர் டெஸ்க்டொப்பில் ஓட்டினால் அங்கே உண்மையில் இருப்பது ஒரு மெய்நிகர் லினக்ஸ், அதன் கேர்னலைத்தான் பார்க்க வேண்டும். பொது ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே எஸ்சிடிபி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் விளங்குகிற தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி சொல்லிவிட்டு நிற்க வையுங்கள்.

ஜிஜிஎஸ்என்னுக்கு டன் (மெய்நிகர் நெட்வேர்க்) சாதனமும் நெட்வேர்க் நிர்வாக உரிமையும் கொடுக்க வேண்டிவரும். அதைப் பொது ஃபங்ஷனில் எழுதி எல்லா டெஸ்டுக்கும் அள்ளிக் கொடுக்காதீர்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள்.

டொக்கர் ஹப் கட்டுப்பாடு 2020 நவம்பரில் இருந்து வந்தது. கணக்கில்லாமல் இழுத்தால் ஆறு மணித்தியாலத்துக்கு 100, அதுவும் ஐபி முகவரிக்குக் கணக்கு. நீங்கள் எல்லோரும் ஒரே ரூட்டருக்குப் பின்னால் இருப்பதால் டொக்கர் ஹப்புக்கு நீங்கள் ஒரே ஆள். சேர்வரில் டொக்கரின் ரெஜிஸ்ட்ரி இமேஜையே இடைநிலைக் கேஷாக ஓடவிட்டு, எல்லா மெஷினின் டீமன் கொன்ஃபிக்கிலும் அதை மிரராகக் கொடுத்தால் ஒரு இமேஜ் ஒரு தடவைதான் கடல் தாண்டி வரும். டெபியன் பெக்கேஜ்களுக்கு அதே மாதிரி ஆப்ட்-கேஷர்-என்ஜி என்ற கேஷ், 3142ஆம் போர்ட். இவை இரண்டும் இருந்தால் கேஷ் இல்லாத பில்ட்கூட அவ்வளவு வலிக்காது. கம்பைல் நேரம் மட்டும்தான் மிச்சம்.

இனி ஆலங்கேணி அண்ணாவின் சப்நெட் கேள்வி. நடு வழி ஒன்று இருக்கிறது. கொன்ஃபிக் ஃபைல்களில் முழு முகவரியையும் அப்படியே எழுதுங்கள், 172.18.8.20 என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பவருக்கு அது உண்மையான கொன்ஃபிக், டெம்ப்ளேட் அல்ல, கையால் ஓட்டினாலும் ஓடும். ஓடும் நேரத்தில் பொது ஸ்கிரிப்ட் காலியாக இருக்கிற ஒரு சப்நெட்டைப் பிடித்து, கொன்ஃபிக்கைத் தற்காலிக ஃபோல்டருக்குக் கொப்பி பண்ணி, அந்தக் கொப்பியில் மட்டும் முதல் மூன்று எண்களை செட் கட்டளையால் (ஃபைலில் எழுத்தைத் தேடி மாற்றுவது) மாற்றட்டும். கடைசி எண் மாறாது. எஸ்டிபி எப்போதும் 200, டெஸ்டர் எப்போதும் 203 என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் வயர்ஷார்க்கில் (நெட்வேர்க் செய்திகளைக் காட்டும் கருவி) பார்க்கும்போதே யார் யாரோடு பேசுகிறார் என்று தெரியும். அந்தக் கொப்பியையும் லொக் ஃபைல்களோடு சேர்த்துச் சேமியுங்கள், எதோடு ஓடியது என்று பிறகு வாதாட வேண்டாம்.

நெட்வேர்க்கை நீங்களே சப்நெட் கொடுத்து உருவாக்குவது நல்லது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டொக்கரைத் தன்பாட்டில் விட்டால் அதன் கையில் இருக்கிற முகவரிக் குளத்தில் மொத்தம் 31 நெட்வேர்க்தான் தேறும். டெஸ்ட் நடுவில் விழுந்து நெட்வேர்க்கை அழிக்காமல் போனால் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்து ஒருநாள் ஒன்றுக்கொன்று மேற்படாத முகவரி கிடைக்கவில்லை என்று எல்லாம் நின்றுவிடும்.

சுத்தம் செய்வதற்கு ஷெல்லின் ட்ராப் போட்டிருப்பீர்கள், வெளியேறும்போது கொன்டெய்னரையும் நெட்வேர்க்கையும் அழி என்று. நல்லது. ஆனால் நாங்கள் இருப்பது திருமலையில். கரண்ட் போனால் ட்ராப் ஓடாது. யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். கரண்ட் வந்த பிறகு அதே பெயரில் கொன்டெய்னர் ஏற்கெனவே இருக்கிறது என்று அடுத்த ஓட்டம் விழும். ஆகவே சுத்தம் தொடக்கத்திலும் நடக்க வேண்டும். நீங்கள் உருவாக்குகிற எல்லாவற்றுக்கும் ஒரு லேபிள் ஒட்டுங்கள். சேர்வர் மீளத் தொடங்கியவுடன், முதல் டெஸ்டுக்கு முன்னால், அந்த லேபிள் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். லேபிள் இல்லாமல் கண்டபடி ப்ரூன் (பாவிக்காமல் கிடப்பதை அழிக்கிற கட்டளை) அடித்தால் பக்கத்து ஆளின் வேலையும் போய்விடும்.

கிண்ணியாப் பாலம் எழுதியது:

நீங்கள் 2ஜியில் நிற்கிறீர்கள், நான் ஓபன்5ஜிஎஸ் (5ஜி கோர் மென்பொருள்) ஓட்டுகிறேன், அதனால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்கு மொங்கோடிபி என்ற தரவுத்தளம் வேண்டும். டொக்கர்ஃபைலில் பதிப்பு எண் போடாமல் லேட்டஸ்ட் என்று விட்டிருந்தார்கள். மொங்கோடிபி 5.0இல் இருந்து ப்ரொசெசரில் ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுதி இருக்க வேண்டும், பழைய டெஸ்க்டொப்பில் அது இல்லை, கொன்டெய்னர் ஒரு வார்த்தை பேசாமல் செத்துப் போகிறது. 4.4 என்று பூட்டிய பிறகுதான் ஓடியது. பதிப்பு எண்களை எல்லாம் ஒரே ஃபைலில் எழுதி, பொது மேக்ஃபைல் அதை வாசித்து பில்ட் ஆர்கியுமென்ட்டாகக் கொடுக்கட்டும்.

உவர்மலைப் பெடியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, கிண்ணியா நானாவுக்கும். சேர்வர்கார அண்ணா, எக்ஸ்ட்ரா பெக்கேஜ் போட்டதும் எஸ்டிபி எழும்பிவிட்டது. அட் தந்திரமும் வேலை செய்கிறது. எதுவும் மாறாத நாளில் பில்ட் முடிவதைப் பார்த்துவிட்டு ஓடவே இல்லையோ என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டார்.

இப்போது ஒரு புதிய சிக்கல். வாடிக்கையாளர் இரண்டு விதமாகச் சோதிக்கச் சொல்கிறார். ஒன்று மாஸ்டர் பிராஞ்சில் இருந்து தினமும். மற்றது கடைசியாக வெளிவந்த அதிகாரபூர்வப் பதிப்பு. ஒரே ஃபோல்டரை இரண்டுக்கும் பாவிக்கலாம் என்று நினைத்தோம், இமேஜ் பெயரின் பின்னொட்டை ஒரு மாறியாக்கினோம், அதுவரை சரி. ஆனால் மாஸ்டரில் புதிதாக வந்த ஒரு கட்டளை கொன்ஃபிக்கில் இருந்தால் வெளிவந்த பதிப்பு கொன்ஃபிக்கை வாசிக்க முடியவில்லை என்று சொல்லி எழும்ப மறுக்கிறது. இதற்காக ஒவ்வொரு டெஸ்டுக்கும் இரண்டு கொன்ஃபிக் வைப்பதா?

நிலாவெளி டெஸ்டர் எழுதியது:

ஓம், ஒஸ்மோகொம் மென்பொருள்கள் தெரியாத வரியைக் கண்டால் தாண்டிப் போகாது, நின்றுவிடும். டெஸ்டுக்கு அது நல்லதுதான், எழுத்துப் பிழை உடனே தெரிந்துவிடும்.

இரண்டு ஃபைல் வேண்டாம், ஒரு மாதத்தில் இரண்டும் வேறு வேறு திசைக்குப் போய்விடும். கொன்ஃபிக்கை மாஸ்டருக்கு எழுதுங்கள். அந்த டெஸ்டின் ஓட்ட ஸ்கிரிப்ட்டில், பொது ஸ்கிரிப்ட்டில் அல்ல, பின்னொட்டு லேட்டஸ்ட் (வெளிவந்த பதிப்பு) என்றால் தற்காலிகக் கொப்பியில் இருந்து அந்த ஒரு வரியை செட்டால் நீக்கட்டும். அதற்கு மேலே ஒரு குறிப்பு எழுதுங்கள், இன்ன மென்பொருளின் இன்ன பதிப்புக்குப் பிறகு இதை அழிக்கலாம் என்று. எல்லா ஃபோல்டரிலும் ஒரே சொல்லில் தொடங்குகிற மாதிரி எழுதினால் புதிய பதிப்பு வெளிவந்த அன்று ஒரு கிரெப் (தேடும் கட்டளை) அடித்து எல்லாவற்றையும் அள்ளி எறியலாம். அந்தக் குறிப்பு இல்லாத செட் வரியை நான் ரிவியூவில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆலங்கேணியான் எழுதியது:

டெம்ப்ளேட் விஷயத்தில் என் பக்கம் ஆள் இல்லை என்று தெரிகிறது, போகட்டும். சேர்வர்காரன் சொன்ன அந்த நடு வழியோடு என்னாலும் வாழ முடியும்.

பொது ஃபைல்களைத் தொடும் கொமிட்டுக்கு மட்டும் வேறு சட்டம் வையுங்கள். தானாக பில்ட் பண்ணுவது ஜென்கின்ஸோ எதுவோ, ஒரு டெஸ்ட் ஃபோல்டருக்குள் மட்டும் மாற்றம் என்றால் அந்த ஒன்றை பில்ட் பண்ணினால் போதும். மேக் ஃபோல்டரோ பொது ஸ்கிரிப்ட்டோ அடிப்படை இமேஜோ மாறினால் எல்லா இமேஜையும் பில்ட் பண்ணிப் பார்க்காமல் மெர்ஜ் பண்ணக் கூடாது, எவ்வளவு நேரம் எடுத்தாலும். பொது ஃபைலில் ஒரு கொமிட்டில் ஒரு விஷயம்தான். டெபியன் மாற்றத்தோடு சேர்த்து ஃபங்ஷனின் பெயரையும் மாற்றி அனுப்பினால் விழும்போது எதைத் திருப்புவது என்று தெரியாது.

இன்னுமொன்று, ஃப்ரொம் வரியில் இருக்கிற டெபியன் இமேஜ் உங்கள் மெஷினில் ஒருமுறை வந்துவிட்டால் டொக்கர் திரும்பப் போய்ப் பார்க்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வந்திருந்தாலும் பழையதன் மேலேயே கட்டிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, ஆள் நடமாட்டம் இல்லாத இரவொன்றில், அடிப்படை இமேஜ்களை மட்டும் புல் (புதிதாக இழு என்ற தெரிவு) சேர்த்து பில்ட் பண்ணும்படி அட்டவணை போடுங்கள்.

உவர்மலைப் பெடியன் எழுதியது:

சரி அண்ணா. கடைசியாக ஒன்று: இவ்வளவும் கைவைக்கப் போகிறோம், புக்வேர்மில் நிற்காமல் நேரே அடுத்த டெபியன் பதிப்பான ட்ரிக்சிக்கே போய்விட்டால் என்ன? 2025 ஓகஸ்டில் வெளிவந்துவிட்டதுதானே.

சீனக்குடா சேர்வர்காரன் எழுதியது:

வாடிக்கையாளர் கேட்டது புக்வேர்ம், அதை முதலில் முடித்துக் கொடுங்கள். புல்ஸ்ஐயில் எடுத்து வைத்த முடிவு ஃபைலோடு ஒப்பிட்டு எல்லாம் சரியென்று வந்த பிறகு தனிப் பிராஞ்சில் அடிப்படை இமேஜின் அந்த ஒரு ஆர்கை மாற்றி ட்ரிக்சியில் ஓட்டிப் பாருங்கள். டைட்டன் இமேஜை முதலில் பில்ட் பண்ணுங்கள், கம்பைலர் பதிப்பு ஏறியிருப்பதால் ஏதாவது கத்தினால் அங்கேதான் முதலில் கத்தும், அதற்காக மிச்ச இமேஜ்கள் எல்லாம் பில்ட் ஆகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பழைய புல்ஸ்ஐ இமேஜ்களை அழிக்க முன்னர் உங்கள் ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு டாக் போட்டு ஏற்றி வையுங்கள். புல்ஸ்ஐக்கு முந்திய பதிப்பான பஸ்டரின் களஞ்சியத்தை டெபியன்காரர்கள் ஆர்க்கைவுக்கு மாற்றிய மாதிரி இதையும் ஒருநாள் மாற்றுவார்கள், அதற்குப் பிறகு உங்கள் பழைய டொக்கர்ஃபைல் அப்படியே பில்ட் ஆகாது.